உத்திராபதி பல் பார்த்த குட்டி

சார், ஒரு விடுகதை போடுகிறேன். விடுவியுங்கள் பார்ப்போம். கீழே எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். மேலே ஒருத்தர்கூட இல்லை. ஆனால் வயலில் இறக்கிவிட்டால் வரப்பைக்கூட மிச்சம் வைக்க மாட்டார்கள். அது என்ன?

யோசியுங்கள், அவசரமில்லை. ரயில்வே கேட் போட்டாயிற்று, பஸ் இப்போதைக்கு நகராது. முதலில் சிமெண்ட் ஏற்றின கூட்ஸ் போகும். அது போனதும் எதிர்ப்பக்கத்திலிருந்து எக்ஸ்பிரஸ் வரும். அதற்குப் பிறகுதான் திறப்பார்கள். ஜன்னல் ஷட்டரை மட்டும் இறக்கிவிடுங்கள். இந்தத் தூசி சட்டையில் படிந்தால் லேசில் போகாது.

தெரியவில்லையா? மாட்டு வாய், சார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. வருத்தப்படாதீர்கள். நூறு பேரிடம் போட்டிருக்கிறேன், தொண்ணூறு பேர் சீப்பு என்றுதான் சொல்வார்கள். தினமும் பால் ஊற்றிக் காபி குடிக்கிறோம், அந்த வாயைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என் தொழில். மாட்டுத் தரகர். பெயர் உத்திராபதி. மணப்பாறைச் சந்தைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் வாயைத் திறந்து பார்த்து வயசு சொல்வேன். கன்றுக்குப் பால்பல். அதில் இரண்டு விழுந்து முளைத்தால் இரண்டு வயசு தாண்டியது என்று அர்த்தம். பிறகு நாலு, பிறகு ஆறு. எட்டும் முளைத்துவிட்டால் 'கடை சேர்ந்தது' என்போம். அதற்குமேல் மாடு ஒரு விரற்கடைகூட வளராது. அப்புறம் பல் தேயும், அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷமாக இந்த வேலை. நான் கடை சேர்ந்தது என்று சொல்லிவிட்டால், வாங்குகிறவர் மறுபடி வாயைத் திறந்து பார்க்க மாட்டார். பார்த்தால் எனக்கு மரியாதைக் குறைவு என்று அவருக்கே தெரியும்.

அந்தப் பெயரைத்தான் போன ஐப்பசியில் கெடுத்துவிட்டார்கள்.

ஊரா? வெண்கல்மேடு. பார்த்தீர்களா, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள்! எல்லோரும் இப்படித்தான். ஆமாம் சார், அந்த வெண்கல்மேடுதான். டைனோசர் வந்த ஊர். பேப்பரில் ஒரு சின்னப் பெண்ணின் போட்டோ போட்டு 'கருணைச் சிறுமி' என்று எழுதியிருந்தார்களே, நிறைமதி, அது என் மகள். ஐந்தாம் வகுப்பு. அந்தப் பெண் கடைசியில் என்ன செய்தாள் என்பதை ஒரு பேப்பரும் எழுதவில்லை. அவர்களெல்லாம் மேலே நின்றார்கள், கீழே இருந்தது நானும் அவளும்தான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், அதற்குப் பெயர் கருணையா என்று.

எங்கள் ஊருக்கு மேற்கே பழைய சுரங்கம் ஒன்று உண்டு. சுரங்கம் என்றால் உள்ளே நுழைந்து போவது இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பெரிய பள்ளம். கல் தீர்ந்துபோய் இருபது வருஷம் ஆகிறது. மழைத்தண்ணீர் நிற்கும். சுற்றிலும் சீமைக்கருவேலம். அன்றைக்குப் புதன்கிழமை. மழை விட்டிருந்தது. ஒரு ஜோடிக் காளையைச் சந்தைக்குப் போகுமுன் குளிப்பாட்டலாம் என்று ஓட்டிக்கொண்டு போனேன். மழை லீவு என்பதால் மகளும் கூட வந்தாள், கையில் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு.

பகல் பன்னிரண்டு இருக்கும். பள்ளத்தின் மேற்குச் சுவர் திறந்தது.

எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லோரும் கேட்டார்கள். கல் வெடிக்கவில்லை. இடிந்து விழவில்லை. துணியை நீளவாக்கில் கிழித்த மாதிரி சுவரில் ஒரு வாய். அதற்குள்ளே வேறு வெயில். நம்முடைய வெயில் வெள்ளையாக இருந்தது, அது மஞ்சள். பெரிய பெரிய தென்னை மாதிரி, ஆனால் தென்னை இல்லாத மரங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வெந்நீர் அண்டாவைத் திறந்தது போல ஒரு காற்று. பிறகு ஒரு கழுத்து வந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. உடம்பு வருவதற்குள் நான் பாதி மேடு ஏறிவிட்டேன்.

ஒன்பது உருப்படி. செல்போன் டவரில் பாதி உயரம். பள்ளத்தில் நின்ற தண்ணீரை முழங்கால் ஆழத்துக்குக் குடித்துத் தீர்த்தன. அரசாங்கம் நாலு தடவை டெண்டர் விட்டும் போகாத சீமைக்கருவேலத்தை அரைப்பொழுதில் காலி செய்தன. இரண்டு கரண்ட் கம்பம் சாய்ந்தது. என் காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மறுநாள் செந்துறையில் அகப்பட்டன. ரோட்டில் நாற்பது சிமெண்ட் லாரி நின்றுபோயிற்று. டிரைவர்களுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. வழக்கம்போல எல்லோரும் ஒரே நேரத்தில் ஏர்ஹார்னை அழுத்தினார்கள். அவ்வளவுதான். ஒன்பதும் மிரண்டு, வந்த வழியே முட்டி மோதிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டன.

எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால், தொழுவத்தில் பத்தாவது ஒன்று கழுநீர்த் தொட்டியில் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிறது. என் மகள் ஓடிவந்திருக்கிறாள். அகத்திக்கீரையைப் பார்த்து அதுவும் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறது.

ஆறு மாசக் கன்று உயரம்தான். கழுத்து மட்டும் தனிக் கணக்கு. ஊரே கூடிவிட்டது. "தரகரே, என்னன்னு பாருங்க" என்றார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்? துண்டை உதறி இடுப்பில் கட்டினேன். ஒரு கையால் தாடையைப் பிடித்து, கட்டைவிரலை வாயோரத்தில் கொடுத்துத் திறந்தேன். ஒரு சண்டித்தனமும் இல்லாமல் திறந்தது. பார்த்தேன்.

கீழே முழு வரிசை. மேலேயும் முழு வரிசை. பென்சில் பென்சிலாகப் பல். ஒன்றுகூடப் பால்பல் இல்லை. முனையெல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. தேய்மானம், சார்! தேய்ந்த பல்லைப் பார்த்தபிறகு இன்னும் என்ன வேண்டும்? "கடை சேர்ந்து பல வருஷம் ஆச்சு. நடு வயசு தாண்டின மிருகம். இது வளர்ந்து முடிச்ச குள்ள ஜாதி" என்று சொன்னேன். புங்கனூர்க் குட்டை மாடு பார்த்திருப்பீர்கள். இடுப்பு உயரம்தான் இருக்கும், ஆனால் கிழட்டு மாடாக இருக்கும். அந்த மாதிரி. ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள்.

என் மகள் மட்டும் ஆட்டவில்லை.

"அப்பா, இது டைனோசர். இது பாப்பா."

"டைனோசரோ எருமையோ, வாய் வாய்தான். உனக்கு என்னடி தெரியும்?"

"நடக்கத் தெரியலப்பா. கால் இடறுது பாருங்க."

"வயசானா இடறத்தான் செய்யும். உங்க தாத்தாவுக்கு இடறலையா?"

"எதைக் குடுத்தாலும் முதல்ல என் மூஞ்சியைப் பாக்குது. தின்னலாமான்னு கேக்குது."

"பழக்கின மிருகம். பெரிய இடத்துல வளர்ந்திருக்கும்."

ராசா என்று பெயர் வைத்தேன். விற்கிற மிருகத்துக்குப் பெயர் இருந்தால் எடுப்பாக இருக்கும். அவள் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவளாவது ஒரு பெயர் வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கு அதோட அம்மா ஏற்கெனவே பேர் வச்சிருக்கும்ல" என்றாள். பாருங்கள், பிடிவாதம்!

மறுநாளிலிருந்து ஒரு விஷயம். மத்தியானம் மூன்று மணி ஆனால் தரை லேசாக அதிரும். காதில் ஒன்றும் கேட்காது. பாதத்தில் தெரியும். அலமாரியில் எவர்சில்வர் தம்ளரெல்லாம் முணுமுணுக்கும். அந்த நேரத்தில் ராசா எழுந்து மேற்குப் பக்கமாகக் கழுத்தை நீட்டும். நெஞ்சு துடிக்கும். எங்கள் பக்கம் இன்னும் ஓடுகிற சுரங்கங்களில் மூன்று மணிக்கு வெடி வைப்பது வழக்கம். அதுதான் என்று சொன்னேன்.

"ஏங்க, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை யாரு வெடி வைக்கிறா?" என்றாள் என் மனைவி தேன்மொழி.

"அவசர ஆர்டரா இருக்கும்" என்றேன்.

அவள் தம்ளர்களை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை அந்தச் சுவர் வாய் வழியாக இன்னொரு சனியன் வந்தது. இரண்டு காலில் நடக்கிற ஜாதி. வாய் மட்டுமே ஆள் உயரம் இருக்கும். கை இரண்டும் சின்னது, சட்டைக் கை தைக்கத் துணி போதாமல் விட்ட மாதிரி. சுரங்க மேட்டில் ஏறி நின்று ஊரைப் பார்த்தது. ஊரே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நான் கட்டிலுக்கு அடியில் ஒரு பத்திரம் தேடிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் சிமெண்ட் ஆலைப் பக்கமிருந்து காற்று வீசியது. அது ஒரு தும்மல் தும்மியது. இன்னொன்று. மூன்றாவது தும்மலில் கண்ணில் தண்ணீர் கொட்ட, தலையை உதறிக்கொண்டு திரும்பி உள்ளே போய்விட்டது. நாம் அந்தக் காற்றில்தான் கல்யாணம் காட்சி எல்லாம் செய்கிறோம். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அதைப் பார்த்தபிறகு தொழுவத்தில் ராசாவை விட்டுவைக்க எனக்கு மனசில்லை. கூட்டுறவு உரக்கிடங்கு காலியாக இருந்தது. கெட்டியான சுவர், இரும்புக் கதவு. அதில் கொண்டுபோய் அடைத்தேன். மகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே போய்விட்டாள். பள்ளிக்கூடம் திறக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஒன்பதில் ஒன்று தனியாக வந்தது. ரோட்டு வழியாக, லாரி போகிற மாதிரி இடது பக்கமாகவே நடந்து, நேராக எங்கள் வீட்டுக்கு. கழுத்தை இறக்கித் தொழுவத்துக் கூரையை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்தது. ஒரு ஓடு உடையவில்லை. உள்ளே தலையை விட்டு ராசா படுத்திருந்த இடத்தை மோந்து பார்த்தது. கழுநீர்த் தொட்டியை மோந்தது. பிறகு அப்படியே தாடையைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் படுத்திருந்தது.

"வைக்கோல் வாசனைக்கு வந்திருக்கு" என்றேன். நாலு கட்டு வைக்கோலைத் தூரத்திலிருந்து தள்ளிவிட்டேன்.

"அது தொடவே இல்லையேங்க" என்றாள் தேன்மொழி. "பசியில்லாதது எதுக்கு வைக்கோலைத் தேடி வருது?"

"புது வைக்கோல். பழக்கமிருக்காது."

"அது எதையோ தேடுது."

"தேடினா கிடைச்சிருக்குமே. நம்ம தொழுவத்துல என்ன இருக்கு?"

"இப்ப ஒண்ணுமில்லதான்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்களுக்கு மாட்டு விஷயத்தில் என்ன தெரியும், சார்? பொழுது சாய்ந்ததும் அது எழுந்து போய்விட்டது. கூரையை மட்டும் திரும்ப எடுத்து வைக்கவில்லை.

கூட்ஸ் போயிற்று. இனி எக்ஸ்பிரஸ். கடலை சாப்பிடுகிறீர்களா? எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து ஹெலன் மேடம் வந்தார்கள். காலேஜில் பாறை, எலும்பு, இதெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். நல்ல அம்மாள்தான். என் மகளும் அவர்களும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். இரண்டு பேருமாக டேப் பிடித்து அந்தச் சுவரின் வாயை அளந்தார்கள். முதல் நாள் நாலு லாரி பக்கம் பக்கமாகப் போகிற அகலம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு லாரி. நாளுக்கு நாள் ஒடுங்குகிறதாம். வியாழக்கிழமைக்குள் மூடிவிடும், பிறகு திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்றார்கள்.

கிடங்குக்கு வந்து ராசாவைப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில், "இது குட்டி. பிறந்து பத்து நாள்கூட இருக்காது" என்றார்கள்.

நான் கோபப்படவில்லை. படித்தவர்கள். மரியாதையாகவே சொன்னேன். "மேடம், வாயைத் திறந்து பாத்தீங்களா? பல்லு தேஞ்சிருக்கு."

"தெரியும் ஐயா. இந்த மாதிரி பிராணிக்கு முட்டைக்குள்ள இருக்கும்போதே பல் முளைச்சிடும். முட்டைக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு உரசித் தேய்ஞ்சிடும்."

"முட்டைக்குள்ள எதைத் தின்னு தேஞ்சுது? உள்ள ஆளு போய் வைக்கோல் போட்டாங்களா?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"வெறும் வாயை மென்னு பழகும் ஐயா. நம்ம குழந்தைங்க வயித்துக்குள்ள விரல் சூப்புற மாதிரி" என்றார்கள்.

"எத்தனை வாய் திறந்து பாத்திருக்கீங்க மேடம்?"

உயிரோடு ஒரு வாயும் இல்லையாம். எல்லாம் கல்லாய்ப் போன வாய். நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பாலகுரு வந்தார். மலையடிவாரத்தில் பெரிய பார்க் வைத்திருக்கிறவர். தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம், முயல் கூண்டு எல்லாம் உண்டு. ராசாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தரகரே, ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். இது வளருமா? அன்னிக்கு வந்தது மாதிரி டவர் உசரம் ஆயிடுச்சுன்னா என் பார்க் தாங்காது."

"கடை சேர்ந்தது. இதுக்குமேல ஒரு விரற்கடை வளர்ந்தா, அன்னியிலேருந்து உத்திராபதி சந்தைக்கு வரமாட்டான்."

துண்டை விரித்தேன். அவர் கையை உள்ளே விட்டார், நானும் விட்டேன். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் எங்கள் பேரம். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. விரலை மூடிவிட்டால் முடிந்தது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் மூடின விரலை நான் திறந்ததில்லை. அவர் அங்கேயே ராசாவை நீளம், உயரம், கழுத்து என்று அளந்து, அந்த அளவுக்கே ஒரு கொட்டகைக்குப் போனில் ஆர்டர் கொடுத்தார். மேலே ஒரு சாண் மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு சாணும் வீண் என்று நான் சொன்னேன்.

என் மகள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள என்னப்பா சொன்னீங்க?" என்றாள்.

"பெரியவங்க விஷயம்" என்றேன்.

புதன்கிழமை. வாய் திறந்து எட்டாவது நாள். தாசில்தார் வந்துவிட்டார், போலீஸ் வந்துவிட்டது, பேப்பர்காரர்கள் வந்துவிட்டார்கள். பாலகுரு லாரியோடு வந்துவிட்டார். பள்ளத்து மேட்டில் கயிறு கட்டி எல்லோரையும் நிறுத்தியிருந்தார்கள். மேடம் சொல்கிறார்கள், இன்றைக்கு விடவில்லை என்றால் இனி விட முடியாது, தாயிடம் சேர்த்துவிடுங்கள் என்று. பாலகுரு சொல்கிறார், தரகர் வார்த்தை கொடுத்துவிட்டார் என்று. தாசில்தார் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, ஒட்டகம்கூட இருக்கிறது. இது இல்லை.

"இப்ப யார் வசம் இருக்கு?" என்று கேட்டார்.

"என் வசம்" என்றேன்.

"இல்லை சார்" என்றார்கள் மேடம். "அது அந்தப் பொண்ணு பின்னாலதான் போகும். வேற யார் கூப்பிட்டாலும் நகராது. அவளையே கேளுங்க."

மேடம் என்னை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஐந்து நாளாக அந்தப் பெண் கிடங்குத் தரையில் பாய் போட்டுக் கிடக்கிறாள். சோறு வைத்தால் பாதியை அதற்குக் கொடுக்கிறாள். அதன் கழுத்து அவள் மடியில் இருந்தால்தான் அது கண்ணை மூடும், அது மூடினால்தான் இவள் மூடுவாள். குழந்தைகளை எனக்குத் தெரியாதா? சந்தையில் எத்தனை பார்த்திருக்கிறேன்! கன்றை விற்கக் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள், விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குழந்தை விட்டுக்கொடுக்கும்?

அதனால் சத்தமாகவே சொன்னேன். "என் பொண்ணு சொல்றதுதான். இருக்கட்டும்னா இருக்கும். போகட்டும்னா போகும். இது உத்திராபதி வார்த்தை."

பாலகுரு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். அவரும் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டேன். "மதி, இங்க பாரு. பார்க் மாமா நமக்குக் கொட்டகை பக்கத்துலயே வீடு குடுக்குறேன்னு சொல்லியிருக்காரு. நீ தினம் பாக்கலாம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அதுகிட்டதான். ஆயுசுக்கும் உன்கூடவே இருக்கும்." இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்க அதோட அம்மா வருமா?"

"வயசான மிருகத்துக்கு ஏதும்மா அம்மா?"

அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். ராசா பின்னால் போயிற்று. துணைக்கு நான் போனேன். மற்ற எல்லோரும் மேலே நின்றார்கள்.

சுவரின் வாய் எங்கள் தொழுவத்துக் கதவு அகலம்தான் இருந்தது. அதற்குள்ளே அதே மஞ்சள் வெயில். வாசலை ஒட்டி அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெரிய மிருகம் தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. ஒரு கண்தான் தெரிந்தது, பித்தளைத் தாம்பாளம் அளவுக்கு. அங்கே தரையெல்லாம் புல் நசுங்கி, மண் குழிந்து கிடந்தது. பல நாளாக அங்கேயே படுத்திருக்கும் போல. நோவு கண்ட மிருகம் ஒரே இடத்தில்தான் படுத்துக் கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் குனிந்து ராசாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். கட்டிப் பிடிப்பதற்குத்தான் அவிழ்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் கட்டிப் பிடிக்கவில்லை. அதன் பின்புறத்தில் கை வைத்துத் தள்ளினாள். அது இரண்டு அடி உள்ளே போயிற்று. அந்தக் கண் அசைந்தது. தரை அதிர்ந்தது, பாதத்தில் தெரிந்தது. பிறகு ராசா திரும்பி இவளிடமே வந்துவிட்டது. இவள் தோளில் மூக்கைத் தேய்த்தது.

"பாத்தியா? அதுவே சொல்லிடுச்சு. இருக்கேன்னு சொல்லுது" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மிருகத்துக்கு நல்ல வீடு எது என்று தெரியும், சார்.

மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. "போ" என்றாள். அது அவள் சட்டையைக் கவ்வியது. "போ, உங்க அம்மா அங்க இருக்கு, போ" என்றாள். அது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு காலைத் தூக்கிக் குதித்தது. சுவரின் வாய் கண்ணெதிரே ஒடுங்கிக்கொண்டு வந்தது. அது வாசலில் நின்றபோது இரண்டு விலாவிலும் ஓரம் உரசியது.

"போதும் மதி, வா. அது உன்னை விட்டுப் போகாது" என்றேன்.

என் வீட்டில் ஒரு உயிரின் மேல் கை ஓங்கினவர்கள் கிடையாது. உதைத்த மாட்டைக்கூட நான் ஒரு தட்டுத் தட்டியதில்லை. எங்கிருந்து வந்தது இவளுக்கு அந்தக் கல்நெஞ்சு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்வதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படி என்றால் படிக்கிறாள், அதற்குமேல் என்னிடம் பேச்சு இல்லை. சந்தையில் ஆள் ஆளுக்கு, "தரகரே, பத்து நாள் குட்டிக்கு எத்தனை பல்லு?" என்று கேலி செய்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பொறாமை. ஆனால் அன்றைக்கு அவள் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை.

எக்ஸ்பிரஸ் வருகிறது பாருங்கள். அது போனதும் திறந்துவிடுவார்கள். முடித்துவிடுகிறேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு அடி பின்னால் வந்தாள். அதுவும் பின்னால் வந்தது. அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன் முகத்தில் அடித்தாள். அது நின்றது. இன்னொரு கல்லை எடுத்து அடித்தாள். மூன்றாவது கல் மூக்கில் பட்டது. குட்டி திரும்பி உள்ளே போய்விட்டது.